பூங்கனி நடந்து காட்டிய சொல்

சிப்பிவிளை உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற இருபத்திரண்டு பெண்களில் வரிசையில் எட்டாவதாக நிற்கிற பூங்கனி, ஒரு தை மாதத்து வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் நடந்து காட்டப் போய், அன்று முதல் கால் வைத்த இடமெல்லாம் பூமி அமுங்குகிற மனுஷியாக ஆகிப்போனாள். நம்ப முடியவில்லை என்றால் நம்ப வேண்டாம், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போனால் ரேஷன் கடை வாசலைப் பாருங்கள், நல்ல சிமெண்டுத் தளத்தில் ஒரு ஜோடிப் பாதம் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கிக் கிடக்கும், மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கிக் காக்கை குளிக்கும்.

பாத்தி மிதிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி நொதநொதவென்று கிடக்கிற பாத்திக் களிமண்ணை அப்படியே விட்டு அதன்மேல் உப்புத்தண்ணீரைப் பாய்ச்சினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், வாருகிற உப்பிலும் சேறு ஏறிவிடும். அதனால் தை பிறந்ததும் இருபத்திரண்டு பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, குதிகால் முதலில், அப்புறம் உள்ளங்கால், அப்புறம் விரல் என்று எல்லாப் பாத்தியையும் தினம் மாற்றி மாற்றிச் சுற்றி, முதல் நாள் கெண்டைக்கால் வரை புதைகிற சேறு பத்தாம் நாள் கணுக்கால் வரைக்கும் வந்து, இருபதாம் நாள் தரை கல்லாகிப் போகிற வரைக்கும் மிதிப்பார்கள். வரிசை மட்டும் மாறவே கூடாது. மாறினால் பாத்தியில் பள்ளம் விழும் என்று ஒரு நம்பிக்கை.

எட்டாவது பூங்கனி, ஏழாவது செல்லக்கிளி. பத்தொன்பது வருஷமாகச் செல்லக்கிளியின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் பூங்கனி மிதித்திருக்கிறாள், அந்த முதுகு நிமிர்ந்திருக்கிறதா கூனியிருக்கிறதா என்பதை வைத்தே அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று சொல்லிவிடுவாள். பூங்கனியைக் கட்டினவன் கேரளத்துக்குக் கொத்து வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, போனவன் போனதோடு சரி, பிள்ளை குட்டியும் கிடையாது. கம்பெனி கொடுத்த ஒற்றை அறை வீட்டில் படுப்பாள், அவ்வளவுதான். மற்றபடி சோறு, பேச்சு, சிரிப்பு, காய்ச்சல் வந்தால் கஷாயம் எல்லாம் செல்லக்கிளி வீட்டில்தான். மதினி என்று கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் ரத்த உறவு ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் எங்கிருந்தோ ஒரு திட்டம் வந்தது. உப்பளத்துப் பெண்களுக்கு அறுபது நாளில் இங்கிலீஷ். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, வகுப்புக்கு வந்தால் டீயும் சுண்டலும் உண்டு என்று சொன்ன பிறகு கேட்கிறதற்கு என்ன இருக்கிறது? சொல்லிக்கொடுக்க நாசரேத்துப் பக்கத்திலிருந்து ஹெப்சிபா டீச்சர் வந்தாள், இருபத்தாறு வயசு, ஒல்லிக்குச்சி, வெயில் பட்டால் மூக்கு சிவந்துபோகும். அவளுக்கு அம்மா வயசு இருக்கிறவர்கள் எல்லாம் மத்தியானம் வேலை முடிந்து உப்புப் பூத்த காலோடு ஓய்வுக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வார்கள்.

அந்த வியாழக்கிழமைப் பாடம், நடையைச் சொல்கிற வார்த்தைகள். பட்டியலில் பாதி தாண்டி டீச்சர் கரும்பலகையில் ஒன்றை எழுதி, "ட்ரட்ஜ்" என்றாள்.

"ட்ரட்ஜ்" என்றார்கள் இருபத்திரண்டு பேரும். சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம் போலவே இருந்ததால் எல்லாருக்கும் உடனே பிடித்துப்போனது.

"கனமா நடக்கிறதுன்னு அர்த்தம் அக்கா" என்றாள் டீச்சர். அர்த்தம் இன்னும் கொஞ்சம் இருந்தது, ஆனால் சுண்டல் சட்டி வாசலுக்கு வந்துவிட்டது, மணம் உள்ளே வந்துவிட்டது, அவளும் மனுஷிதானே.

"கனமான்னா? சூலி நடக்காளே, அப்படியா?"

"இல்லக்கா, அதுக்கு வேற வார்த்தை."

"மாமியாக்காரி கோவத்துல திங்கு திங்குன்னு நடப்பாளே, அதா?"

"அதுக்கும் வேற இருக்கு."

"நடக்கதுக்கு எத்தனை வார்த்தைதான் வச்சிருக்கான் வெள்ளைக்காரன்?" என்றாள் செல்லக்கிளி. "அவன் எங்க நடந்தான்? நம்மளை நடக்க விட்டுப் பாத்துக்கிட்டுல்லா இருந்தான்."

கொட்டகையே சிரித்தது. யாராவது நடந்து காட்டுங்கள் என்றாள் டீச்சர். செல்லக்கிளி பூங்கனியின் முதுகில் கையை வைத்துத் தள்ளி, "நீ போளா, நீதான் நல்லா காலூன்றுவ" என்றாள். பூங்கனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள், கனமாக நடப்பதென்றால் உப்பளத்துக்காரிக்கு எது ஞாபகம் வருமோ அதுதான் அவளுக்கும் வந்தது, மிதித்தாள். குதிகால், உள்ளங்கால், விரல். அடிக்கு ஒரு தடவை ட்ரட்ஜ் என்று சொல்லிக்கொண்டே கொட்டகையைச் சுற்றி வந்தாள். ஏழாவது அடியில் டீ டம்ளர்கள் கிணுகிணுத்தன, எட்டாவது அடியில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டது, பத்தாவது அடியில் கரும்பலகை ஆணியிலிருந்து கழன்று சாய்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு சுண்டல் தின்றார்கள், பட்டாணிச் சுண்டல், அன்றைக்கு உப்புக் கம்மி.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் தெரிந்தது. பூங்கனி நடந்த வண்டித்தடத்தில் பாதம் பாதமாகக் குழி விழுந்துகொண்டே வந்தது. ரேஷன் கடை வாசலில் கொஞ்சம் வேகமாகக் கால் வைத்துவிட்டாள், அந்த இரண்டு பாதம்தான் இன்னும் கிடக்கிறது. கடைக்காரர் அரிசித் தராசில் ஏறச் சொன்னார். நாற்பத்தாறு கிலோ காட்டியது, போன மாதமும் அதே நாற்பத்தாறுதான். நின்றால் நாற்பத்தாறு, நடந்தால் யானை. "தராசுல கோளாறு இல்லைம்மா, என் தராசு சுத்தம்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினார் கடைக்காரர்.

ஊர் என்றால் ஊர்தான், மூன்று நாள் பேசும், நாலாம் நாள் பழகிவிடும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுத்தார்கள். கோடாங்கி வந்து உடுக்கையடித்துப் பார்த்துவிட்டு, சாமி ஏறினால் இறங்கணும், இது இறங்க மாட்டேன் என்கிறது, இது இங்கிலீஷ் சமாச்சாரம், எனக்கு இதில் பாத்தியதை இல்லை என்று உடுக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். சர்ச்சில் உபதேசியாரைக் கேட்டதற்கு இங்கிலீஷ் என்றாலும் கிறிஸ்தவம் ஆகிவிடாது என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார். விடிகாலை நாலு மணிக்கு அவள் வேலைக்குப் போகிற அதிர்வில் பரணிலிருந்து பாத்திரம் விழுகிறதென்று முதலில் சண்டைக்கு வந்த தெருக்காரிகள், பத்து நாளில் பாத்திரத்தையெல்லாம் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அந்த அதிர்விலேயே எழுந்து வாசல் தெளிக்கப் பழகிக்கொண்டார்கள், செல்போனில் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்கள். புளி குத்துகிறவர்கள் ஓட்டோடு புளியைத் தெருவில் பரப்பி வைத்து, அவள் அதன் மேல் ஒரு தடவை போய் வந்தால் ஓடு தனியாகப் புளி தனியாக அள்ளிக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் புதுச் சரளைச் சாலையில் இரண்டு நடை போய் வரச் சொன்னார், போய் வந்தாள், ரோடு ரோலர் வந்த வழியே திரும்பிப் போனது. பஸ்காரன் மட்டும் ஏற்றமாட்டேன் என்று கும்பிட்டுவிட்டான், முதல் நாள் அவள் காலை வைத்ததில் படிக்கட்டே பெயர்ந்து வந்துவிட்டதாம். பூங்கனி தன் வீட்டுத் தரையில் முழங்கையளவு கடல் மணலைக் கொட்டிப் பரப்பிக்கொண்டாள். பொத்துப் பொத்தென்று அதில் நடந்து கஞ்சி காய்ச்சினாள்.

இதெல்லாம் வேடிக்கை. வினை வந்தது பாத்தியில்.

கங்காணி பலவேசம் ஒரு நாள் காலையில் ஏழாம் நம்பர் பாத்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். வரிசையில் பூங்கனி கால் வைத்த வட்டம் மட்டும் தளம் போட்டதுபோல் இறுகிக் கிடந்தது, மற்ற இடமெல்லாம் இன்னும் சேறு. அவளைத் தனியாக இறக்கிவிட்டுப் பார்த்தான். இருபத்திரண்டு பேர் இருபது நாள் மிதிக்கிற பாத்தியை அவள் காலைக் கஞ்சி நேரத்துக்குள் முடித்துவிட்டாள். ஓடிப்போய் முதலாளியைக் கூட்டி வந்தான். முதலாளி ஜீப்பில் வந்து இறங்கி, பாத்தியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டிப் பார்த்து, "அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கடே" என்றார்.

சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. வரப்பில் போட்டு, மேலே குடை விரித்து, இளநீர் வெட்டிக் கையில் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் முதலாளிக்கு அவள் பெயர் தெரியாது, அன்றைக்குப் பெயர் கேட்டார், சொன்னாள், "பூங்கனி, நல்ல பேரு" என்றார். பூங்கனிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சந்தோஷமாக இருந்தது, அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? பாத்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இருபத்தோரு பேர் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

சாயங்காலம் செல்லக்கிளி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"ஏளா பூங்கனி, நாளைலருந்து எங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டான் பலவேசம்."

"கேட்டேன் மதினி."

"கேட்டுட்டு என்ன சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்ல? வேணும்னா செஞ்சேன்? காலு அப்படி ஆயிட்டு."

"காலு ஆயிட்டு, சரி. வாய்க்கு என்னளா ஆச்சு? அவளுவளையும் சேத்து இறக்குனாத்தான் நானும் இறங்குவேன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா உனக்கு?"

அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். அழுதிருந்தாலும் தேவலை. பூங்கனி சொன்னாள்: "இருபது நாள் சோலிய நான் ஒத்தைல ஒரு நாளுல முடிச்சா, அவிய எதுக்கு மதினி இத்தனை பேரை வச்சிருக்கணும்?"

சொன்ன பிறகுதான் அது பலவேசம் காலையில் சொன்ன வாக்கியம் என்று அவளுக்கே ஞாபகம் வந்தது. செல்லக்கிளி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"முதலாளி மாதிரியே பேசுத" என்றாள். "நல்லா இரு."

மூன்றாம் நாள் செல்லக்கிளி வீடு பூட்டிக் கிடந்தது. பெரியவிளையில் மகள் வீட்டுக்குப் புருஷனோடு போய்விட்டாள், அங்கே உள்ள உப்பளத்தில் மிதிப்பு பிந்தித்தான் தொடங்கும், ஆள் வேணும் என்றார்களாம், என்று பக்கத்து வீட்டுக்காரி மதிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மற்றவர்களும் சிதறிப் போனார்கள், சிலர் இறால் உரிக்க, சிலர் விறகு வெட்ட, இரண்டு பேர் ஊரை விட்டே. இங்கிலீஷ் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. டீச்சர் மட்டும் மூன்று மணிக்கு வந்து ஐந்து மணி வரை உட்கார்ந்துவிட்டுப் போனாள், சுண்டல்காரனும் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

பூங்கனி தனியாகப் பாத்தியைச் சுற்றி வந்தாள். முன்னால் முதுகு இல்லை. கை ரெண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் இடுப்பில் வைத்தாள், கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டாள், கடைசியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பாத்திக்குப் பாத்தி தரை கல்லானது, நண்டுகள் வளையை விட்டு ஓடிப்போயின, நாற்காலி மட்டும் வரப்பில் பாத்திக்குப் பாத்தி அவள் பின்னால் வந்தது. பேச ஆள் கிடையாது. இளநீர் தித்திக்கவும் இல்லை. தெருவில் அவள் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு தொடர்ந்தார்கள். சிப்பிவிளையின் பன்னிரண்டு பாத்தியும் மாசி பிறப்பதற்குள் முடிந்துபோயின.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பலவேசம் வந்து, "திங்கட்கிழமை காலைல டிராக்டர் வரும்மா, ஏறி உக்காந்துக்கோ, முதலாளி சொந்தக்காரரு அளத்துல கேட்டிருக்காவ" என்றான்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"பெரியவிளை. அங்க பொம்பளையாளு முப்பது பேரு மிதிக்காளுவளாம். எதுக்குங்கேன்?"

ஒரு தடவை மதினியின் வயிற்றில் அடித்தாயிற்று, அவள் பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரு பிழைப்பைப் பிடித்திருக்கிறாள், அங்கேயும் தேடிப்போய் அடிக்கவேண்டும். பூங்கனி வரமாட்டேன் என்றாள். வராவிட்டால் வீட்டைக் காலி பண்ணவேண்டியிருக்கும், அது கம்பெனி வீடு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பலவேசம் போய்விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஹெப்சிபா டீச்சர் வந்தாள். கக்கத்தில் செங்கல் தடிமனில் ஒரு அகராதி, அவள் படித்த காலேஜ் லைப்ரரியிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. மணலில் செருப்போடு வந்து உட்கார்ந்தவள் அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

"அக்கா, தப்பு என்னோடது. அன்னைக்கு அர்த்தத்தைப் பாதிதான் சொன்னேன்."

"மீதி என்னது?"

டீச்சர் அகராதியை விரித்து, விரலை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "களைச்சுப் போயி, ஆனா நின்னுராம, போக வேண்டிய இடத்துக்குக் காலை எடுத்து எடுத்து வச்சுக் கனமா நடந்து போறது."

பூங்கனி யோசித்தாள். "களைச்சுப் போயி நடக்கதுக்கு ஒரு தனி வார்த்தையா? நாங்க அதைச் சும்மா நடக்கதுன்னுதான் சொல்லுவோம்."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இதுல போட்டிருக்கிற உதாரணம் எல்லாத்துலயும் பாருங்கக்கா, ஒருத்தர் பனியில வீட்டுக்குப் போறாரு, ஒருத்தர் மலை மேல போறாரு, ஒருத்தர் மழையில ஊருக்குப் போறாரு. எல்லாரும் எங்கயோ போறாங்க. நீங்க மிதிச்சுக் காட்டிட்டீங்க. மிதிக்கிறவங்க எங்கயும் போறதில்லையே, அதே பாத்தியைத்தானே சுத்தி வாறீங்க? போக இடமில்லாம அந்தக் கனம் உங்க காலுலயே நின்னுபோச்சோன்னு எனக்குத் தோணுது."

அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. மிதிப்பதை நடை என்று நினைப்பது உப்பளத்துக்காரி மட்டுமே செய்யக்கூடிய பிழை, பனியில் நடக்கிறவனுக்கு அப்படித் தோன்றியே இருக்காது.

"முழு அர்த்தத்தையும் நடந்தா போயிருமா டீச்சர்?"

"தெரியாதுக்கா. போகலாம். எங்கயாவது போய்ப் பாருங்க."

"எங்க போக? எனக்கு எங்க இருக்கு எடம்?" என்றாள் பூங்கனி. கேட்ட மாத்திரத்தில் அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் பயமாக இருந்தது, டீச்சருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முகம் கழுவி, இருக்கிறதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டுப் பூங்கனி கிளம்பினாள். கடலோரச் சாலையில் இடது பக்கம் உப்பு, வலது பக்கம் உடைமரம், மேலே வெயில். முதல் மைலில் அவள் மிதித்துக்கொண்டுதான் போனாள், பழக்கம் போகுமா, குதிகால் உள்ளங்கால் விரல் என்று தார் உருகாத நேரத்திலேயே தாரில் குழி விழுந்தது, பின்னால் வந்த சைக்கிள்காரன் குழிக்குக் குழி வளைந்து வளைந்து வந்து திட்டிவிட்டுப் போனான்; இரண்டாவது மைலில் கெண்டைக்கால் கடுத்தது; மூன்றாவது மைலில் டீக்கடைக்காரர் பெஞ்சிலிருந்தவர்களை எழுப்பிவிட்டுக் கண்ணாடி டம்ளரையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கம்மா இந்த வெயில்ல?" என்று கேட்க, "மதினி வீட்டுக்கு அண்ணாச்சி" என்று சொன்னாள், சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நிற்காமல் போய்விட்டாள். நாலாவது மைலில் தாகம், ஐந்தாவது மைலில் தாகமும் இல்லை. மதினி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்று நினைத்தாள், சாத்தட்டும், சாத்தினாலும் திங்கட்கிழமை டிராக்டர் வரப்போகிறது என்பதை வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள், திரும்பி வருவதற்குக் கால் இருக்குமா என்று நினைத்தாள், அப்புறம் ஒன்றையும் நினைக்கவில்லை. குதிகாலையும் விரலையும் பார்த்து வைக்கிற தெம்பு அவளிடம் இல்லை. கால் விழுந்த இடத்தில் விழுந்தது, எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பத்தொன்பது வருஷத்துக் களைப்பும் அன்றைக்கு ஒரே நாளில் அவளுக்குத் தெரிந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரியவிளையில் மகள் வீட்டு வாசலில் செல்லக்கிளி துணி அலசிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. நிமிர்ந்து பார்த்தாள், வாசலில் பூங்கனி நின்றாள், புழுதி இடுப்புவரை ஏறியிருந்தது.

செல்லக்கிளி கையில் துணியோடு எழுந்தாள்.

"நாளைக்கு என்னை இங்கத்த அளத்துக்குக் கொண்டு வரப் போறாவ மதினி" என்றாள் பூங்கனி. "உன் வேலையும் போயிரும். நான் இறங்க மாட்டேன். வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் சரி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நடந்தா வந்த?"

"பஸ்ல ஏத்த மாட்டாவ."

செல்லக்கிளி கையிலிருந்த துணியைப் பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"அன்னைக்கு நாற்காலி போட்டாவ மதினி. எனக்கு அதுவரைக்கும் யாரும் நாற்காலி போட்டதில்லை. புத்தி கெட்டுப்போச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை."

"சீக்கிரமா வந்து சொல்லுததுக்கு என்ன? இத்தனை நாளு ஆயிட்டுல்லா மூதி" என்றாள் செல்லக்கிளி. "உள்ள வா. சோறு திங்கலாம்."

பூங்கனி வாசல்படிக்குள் எட்டிப் பார்த்தாள். மருமகன் புதிதாகப் போட்ட டைல்ஸ் தரை, வெள்ளையில் நீலப் பூ, முகம் தெரிகிற பளபளப்பு, ஓரத்தில் இன்னும் சிமெண்டுப் பால் காயவில்லை.

"வேண்டாம் மதினி. உடைஞ்சுரும். இங்கனயே இருக்கேன், இலைல போட்டுக் கொண்டா."

"வாசல்ல வச்சுப் போடதுக்கு நீ என்ன பிச்சைக்காரியா?"

"உன் மருமகன் என்ன சொல்லுவாவ?"

"அவியகிட்ட நான் பேசிக்கிடுதேன். வான்னு சொல்லுதேன்லா."

பூங்கனி வலது காலை உள்ளே வைத்தாள். முதல் டைல் நெடுக விரிசல் விட்டது. இடது காலை வைத்தாள், அடுத்தது மூலைக்கு மூலை உடைந்தது. செல்லக்கிளி கீழே பார்க்கவே இல்லை, குழம்பு என்ன, கூட்டு என்ன என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனாள், பின்னால் ஒவ்வொன்றாக டைல் உடைகிற சத்தம் கேட்கக் கேட்க இன்னும் உரக்கச் சொன்னாள். அடுக்களை வரைக்கும் ஒன்பது டைல். பூங்கனி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள்.

சாளைமீன் குழம்பு. மூன்று தடவை வாங்கித் தின்றாள். செல்லக்கிளி விசிறிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். தின்று முடித்துக் கை கழுவப் பின்வாசலுக்கு எழுந்து போனாள் பூங்கனி, வாளியில் மொண்டு கழுவி, வாயைக் கொப்பளித்து, முகத்தையும் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். போக ஆறு டைல், வர ஆறு டைல். ஒன்றுகூட உடையவில்லை, சத்தமும் போடவில்லை. அலமாரியில் டம்ளர் கிணுகிணுக்காமல் நின்றது.

நடுவழியில் நின்று காலைப் பார்த்தாள். கால் கால் மாதிரி இருந்தது. தலையை நிமிர்த்தினால் செல்லக்கிளியும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், விசிறி கையில் அப்படியே நின்றுவிட்டது.

பூங்கனி மெல்ல வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"கனம் இன்னும் அப்படியேதான் இருக்கு மதினி" என்றாள். "இன்னைக்குத் திரும்பிப் போக முடியாது போலிருக்கு."

"இருக்கும் இருக்கும்" என்றாள் செல்லக்கிளி, தலையணையை எடுத்துப் போட்டுக்கொண்டே. "லேசுல போகக்கூடிய கனமா அது? நாலு நாள் ஆகட்டும், பாப்போம்."